ஆர்ட்டின் ஒன்பது

அந்த வருடம் கவாஜா நஸ்ரி பரிசாக வைத்தது இரண்டு வயதுப் பெண்குதிரை. சாம்பல் நிறம். மூக்கின் மேல் மாவு ஒட்டினாற்போல் ஒரு வெள்ளைத் தீற்றல். பெயர் ஷஹ்லா.

டிசம்பர் கடைசி நாள் பிற்பகலில் எங்கள் ஹோட்டலில் நடக்கும் போக்கர் போட்டிக்கு அவர்தான் வருடா வருடம் பரிசு தருவார். ஒரு தடவை வெள்ளிப் பூண் போட்ட வேட்டைத் துப்பாக்கி, இன்னொரு தடவை கம்பளம். பரிசு தருபவரே மேசையிலும் உட்காருவார், ஜெயிப்பார், கொண்டுவந்ததைத் தன் டிரைவரிடமே கொடுத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார். ஆறு வருடமாக இப்படித்தான். பெய்ரூட்டுக்குக் கிழக்கே பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் ஸஹ்லே ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவாஜா என்றால் முதலாளி; சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களில் பாதி அவருடையது. அரக் சாராயம் வடிக்கும் ஆலை முழுக்க அவருடையது. ஜெயிப்பதும் அவருடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நான் டோரோஸ். அந்த மேசைக்குச் சீட்டுப் போடுகிறவன். சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் அஞ்சார். வாலிபத்தில் கடலோரக் கசினோவில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். உள்நாட்டுச் சண்டையில் அதை மூடியபோது, சீட்டைத் தவிர வேறெதுவும் தெரியாத இரண்டு கைகளோடு பள்ளத்தாக்குக்குத் திரும்பினேன். ஆற்றோரத்தில் ஹோட்டல் வைத்திருந்த மிலாத் என்னைச் சேர்த்துக்கொண்டார். நல்ல மனுஷன். ஆனால் கவாஜா இருமினால் இவர் கைக்குட்டை எடுப்பார்.

மேசையில் ஐந்து நாற்காலி. ஒன்று கவாஜாவுக்கு. மூன்று அவர் கூப்பிடுகிறவர்களுக்கு. ஐந்தாவது நாற்காலி குலுக்கலில் போகும். ஊர் ஆம்புலன்ஸுக்காகச் சீட்டு விற்பார்கள், டிசம்பர் தொடக்கத்தில் வரும் பார்பாரா அம்மாள் திருநாளன்று பூசை முடிந்ததும் கோவில் வாசலில் பாதிரியார் ஒரு பெயரை எடுப்பார். ஒரு வருடம் காய்கறிக்காரன் வந்தான், ஒரு வருடம் தபால்காரன். அரைமணி நேரத்தில் தோற்று, கவாஜாவோடு ஒரே தட்டில் கிப்பே இறைச்சி சாப்பிட்டதை ஆறு மாதம் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

அந்த வருடம் பாதிரியார் சீட்டைப் பிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் போட்டுக்கொண்டு வாசித்தார்: "நஜ்லா தூமா."

கூட்டம் சிரித்தது. நஜ்லா சிரிக்கவில்லை. "இங்கதான் இருக்கேன், சாமி" என்று கையைத் தூக்கினாள்.

நஜ்லாவை ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. ஐம்பத்திரண்டு வயது. கன்னியர் பள்ளிக்கூடத்துப் பஸ்ஸை இருபது வருடமாக ஓட்டுகிறாள். சண்டைக் காலத்தில், ஆண் டிரைவர்கள் வர மறுத்த நாட்களில் "யாராவது ஓட்டணும்ல?" என்று ஏறி உட்கார்ந்தவள், அப்புறம் இறங்கவே இல்லை. புருஷன் பிரேசிலுக்குப் போனவன். ஈஸ்டருக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதுவும் சில வருடம் வராது. ஒரே மகன் ஷாதி. அதனால் ஊர் வழக்கப்படி எல்லோரும் அவளை உம் ஷாதி என்றுதான் கூப்பிடுவார்கள்: ஷாதியின் அம்மா. ஷாதிக்கு முப்பது வயது. கவாஜாவின் ஆலையில் பீப்பாய்க் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர்ப் பெண்கள் சீட்டு ஆடாமல் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் ஒவ்வொருத்தி வீட்டிலும் மாறி மாறிக் கூடுவார்கள், ரம்மியும் போக்கரும் காரசாரமாக நடக்கும். ஆனால் ஆண்கள் மேசையில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. கூடாதென்று எவனும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கத் தேவைப்பட்டதில்லை.

மறுநாள் பெயரைப் பதிவு செய்ய நஜ்லா ஹோட்டலுக்கு வந்தாள். டீசல் அடுப்புப் பக்கத்தில் கவாஜா காபி குடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, நேர்த்தியான மனிதர். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சத்தம் போடத் தேவையில்லாதவர்.

"வா உம் ஷாதி, உக்காரு" என்றார். "ரொம்ப சந்தோஷம். நம்ம ஷாதியோட அம்மாவுக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்குன்னு கேள்விப்பட்டதும் எனக்கே அடிச்ச மாதிரி இருந்துச்சு."

"நல்லா இருங்க கவாஜா."

"உன் அண்ணனை அனுப்புறியா, இல்ல ஷாதியையே உக்கார வைக்கிறியா?"

"நானே உக்காருறேன். சீட்டு வாங்கினது நான்தானே?"

கவாஜா கோப்பையைக் கீழே வைத்தார். "நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். நாங்க நாலு ஆம்பளைங்க. குடிப்போம், கெட்ட வார்த்தை வரும். உன் முன்னாடி நாக்கைக் கடிச்சுக்கிட்டு எங்களால ஆட முடியுமா, சொல்லு?"

"என் பஸ்ஸுல அறுபது பிள்ளைங்க இருக்கு. அதுங்க பேசாத கெட்ட வார்த்தையா நீங்க பேசிடப் போறீங்க?"

நான் குனிந்து சீட்டு அடுக்குவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"ரெண்டு தங்க வளையல் அனுப்புறேன்" என்றார் கவாஜா. "பண்டிகைக்கு என் அன்பளிப்பு. நாற்காலியை விட்டுடு."

"எனக்கு வளையல் பழக்கமில்ல. கியர்ல மாட்டும்."

கவாஜா கோப்பையைத் திரும்ப எடுத்தார். "ஷாதி நல்ல பையன். ஆலையில அவன் மேல எனக்கு நல்ல அபிப்பிராயம்" என்று மட்டும் சொன்னார். சொன்ன விதத்தில், அடுப்புப் பக்கத்தில் நின்ற எனக்கே குளிரடித்தது.

நஜ்லா எழுந்தாள். "நல்ல பையன்தான். அவன் கிடங்குல ஆடட்டும், நான் மேசையில ஆடுறேன்." என்னிடம் திரும்பி, "டோரோஸ், பேரை எழுது. எழுத்துப்பிழை இல்லாம எழுது" என்றாள்.

*

போட்டி மத்தியானம் இரண்டு மணிக்கு. முதல் நாள் விழுந்த பனி ஜன்னலுக்கு வெளியே கண்ணைக் கூச வைத்தது. கூடம் நிறைந்துவிட்டது. வழக்கமாக வரும் ஆண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். வியாழக்கிழமைப் பெண்கள் எட்டுப் பேர், யாரையும் கேட்காமல் வந்து பின்சுவரோரம் நாற்காலி போட்டு, வறுத்த பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குதிரையை முற்றத்தில் மரத்தடியில் கட்டியிருந்தார்கள். அதன் முதுகில் சிவப்புக் கம்பளி.

ஷாதி வாசலிலேயே அம்மாவை மறித்துக்கொண்டு கெஞ்சினான். "வேண்டாம்மா. நேத்து மேனேஜர் கூப்பிட்டுப் பேசினான். உங்கம்மாவுக்குப் புத்தி சொல்லுடான்னான். எனக்குச் சோறு போடுற எடம்மா அது."

"உனக்கு இருபது வருஷம் சோறு போட்டது யாருடா?"

"அதுக்கில்லம்மா..."

"தள்ளு. நேரமாச்சு." அவனைத் தாண்டி வந்து ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை. பஸ் சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள்.

நாங்கள் ஆடுவது பழைய ஐந்து சீட்டு ஆட்டம். ஆறுக்குக் கீழே உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டால் கட்டில் முப்பத்தாறு சீட்டு மிஞ்சும். ஆளுக்கு ஐந்து. வேண்டாததைப் போட்டுவிட்டு ஒரே ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் பந்தயம். எல்லோருக்கும் சமமாக நூறு வில்லை கொடுத்திருப்போம். யாரிடம் எல்லா வில்லையும் சேர்கிறதோ அவருக்குப் பரிசு.

கவாஜாவைத் தவிர மற்ற மூன்று பேர்: பல் டாக்டர் சலீபா, சுங்கத்துறையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், கவாஜாவின் மைத்துனன். மைத்துனன் முதலிலேயே ஆரம்பித்தான்.

"உம் ஷாதி, இது பஸ் இல்ல. பிரேக் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். பிள்ளைங்க குறுக்க வந்தா மட்டும்தான் போடுவேன். நீ வந்தா போட மாட்டேன்."

பின்சுவரில் எட்டுப் பெண்களும் ஒரே குரலில் சிரித்தார்கள். மைத்துனன் காது சிவந்தது.

முதல் ஒரு மணி நேரம் அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சீட்டை ஒரு தடவை பார்ப்பாள், கவிழ்ப்பாள். வில்லை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அறுபதுக்கு வந்தது. சுங்கத்துக்காரர் கவாஜாவிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்தார். அதற்கடுத்து மைத்துனன் நஜ்லாவை மிரட்டிப் பார்த்தான். கையில் ஒன்றுமில்லாமல் மொத்தத்தையும் முன்னால் தள்ளினான். அவளிடம் இருந்தது வெறும் ராணி ஜோடி.

"உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் என் வண்டியிலதான் வர்றாங்க" என்றாள் அவனிடம். "சின்ன வயசுல நீ பொய் சொன்னா மூக்கைத் தடவுவியாம். இப்பவும் தடவுற." அறுபதையும் தள்ளினாள். அவன் சீட்டைக் காட்டியபோது கூடத்தில் ஒருவன் விசிலடித்தான். ஒன்பதும் ஏழும் பத்தும். ஒன்றோடொன்று உறவில்லாத சீட்டுகள்.

டாக்டர் சலீபா நாலு மணிக்கு ஆட்டம் இழந்தார். அவரை வீழ்த்தியதும் நஜ்லாதான். தோற்றவர் எழுந்து போகவில்லை. நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இதைப் பாக்காம போனா என் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா" என்று உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

கவாஜா அதுவரை அவளிடம் நேராகப் பேசவே இல்லை. இப்போது கோட்டைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்தார். "புதுக் கட்டு" என்றார். நான் புதுக் கட்டை எல்லோர் முன்னாலும் பிரித்து, ஆறுக்குக் கீழுள்ளதை எடுத்துப் போட்டுவிட்டுக் கலைத்தேன். ஏழு தடவை கலைப்பது என் வழக்கம். கலைத்த கட்டை வெட்டும் முறை அவருடையது. முன்னால் வைத்தேன். இரண்டு விரலால் பாதியை எடுத்து நகர்த்தி வைத்தார். நான் சேர்த்து, ஐந்தைந்தாகப் போட்டேன்.

நஜ்லா தன் சீட்டை விரித்தாள். போடுகிறவன் சீட்டை எட்டிப் பார்க்கக் கூடாது, நான் பார்க்கவில்லை. ஆனால் என்ன வந்திருந்தது என்று பிற்பாடு ஊருக்கே தெரிந்தது: ஆர்ட்டினில் ஏழு, எட்டு, பத்து, ஜாக். அதோடு கிளாவர் ஜாக். கையில் ஒரு ஜாக் ஜோடி. பத்தில் ஒன்பது பேர் ஜோடியை வைத்துக்கொண்டு மற்ற மூன்றை மாற்றுவார்கள்.

கவாஜா முப்பது வில்லை வைத்தார். அவளும் வைத்தாள்.

"எத்தனை?" என்றேன்.

கவாஜா இரண்டு கேட்டார். மூன்று நல்ல சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று கூடத்துக்கே தெரிந்தது. நஜ்லா வெகு நேரம் யோசித்தாள். பூசணி விதை கொறிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. பிறகு கிளாவர் ஜாக்கைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினாள்.

"ஒண்ணு."

கொடுத்தேன். அவள் உடனே எடுத்துப் பார்க்கவில்லை. கவாஜா தன் இரண்டையும் பார்த்தார். நான் முகம் பார்த்துப் பிழைத்தவன்; அந்த முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மூச்சு மட்டும் ஒரு தடவை தப்பியது. தன் முன்னாலிருந்த எல்லா வில்லையையும் இரு கையாலும் நடுவில் தள்ளினார்.

"இத்தோட முடிச்சுக்கலாம் உம் ஷாதி. இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும் இல்ல?"

அப்போதுதான் அவள் அந்த ஒற்றைச் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மற்ற நான்கோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

"டோரோஸ், எண்ணு" என்றாள்.

எண்ணினேன். அவரிடம் இருந்ததைவிட அவளிடம் பன்னிரண்டு அதிகம். அந்தப் பன்னிரண்டைப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தள்ளினாள். "காட்டுங்க கவாஜா."

அவர் ஒவ்வொன்றாக வைத்தார். இஸ்பேட் ஏஸ். டைமன் ஏஸ். கிளாவர் ஏஸ். ஒரு ராணி. கடைசியில், நிதானமாக, ஆர்ட்டின் ஏஸ். கூடத்தில் கை தட்டினார்கள். மைத்துனன் அரக் பாட்டிலைத் திறந்தேவிட்டான்.

நஜ்லா தன் ஐந்தையும் ஒரே வீச்சில் திருப்பினாள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, ஜாக். ஐந்தும் ஆர்ட்டின்.

கைதட்டல் நடுவிலேயே அறுந்தது. அவள் பார்வையில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது முப்பத்தொரு சீட்டு. அதில் ஒன்றே ஒன்றுதான் அவளைக் காப்பாற்றியிருக்கும். ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து நின்றால் நாலு ஏஸும் அதற்குக் கீழேதான். இத்தனை வருடத்தில் நான் அப்படி ஒரு மோதலைப் பார்த்ததில்லை, கடலோரக் கசினோவிலும் கண்டதில்லை.

பின்சுவரில் ஒருத்தி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அடுத்த நொடி எட்டுப் பேரும் போட்டார்கள்.

*

"நிறுத்துங்க" என்றார் கவாஜா. குரல் உயரவில்லை. அவள் கழித்த சீட்டைத் திருப்பிப் போட்டார்: கிளாவர் ஜாக். "கையில இருக்குற ஜோடியை உடைச்சு எவனாவது ஒத்தச் சீட்டு கேப்பானா? அது வரும்னு தெரிஞ்சாத்தான் கேப்பான்." என்னைப் பார்த்தார். "கொடுத்தவனுக்கும் வாங்கினவளுக்கும் ஏதோ பேச்சு இருக்கு. இந்த ஆட்டம் செல்லாது."

மிலாத் என் முழங்கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போனார். வியர்த்திருந்தது அவருக்கு.

"டோரோஸ், கண்ணு, கேளு. சீட்டுப் போடும்போது ஒண்ணு கை தவறித் தரையில விழுந்துச்சு. நீ கவனிக்காம எடுத்துப் போட்டுட்ட. அவ்வளவுதான். உன்னை யாரும் திருடன்னு சொல்ல மாட்டாங்க, கவனக்குறைவுன்னு சொல்லுவாங்க. திரும்ப ஒரு ஆட்டம் போடலாம். எல்லாருக்கும் நல்லது."

"விழலையே மிலாத்."

"விழுந்துச்சுன்னு சொல்றதுக்கு என்ன செலவு? இந்த ஹோட்டலுக்கு வாரத்துக்கு நாலு விருந்து அவரால வருது. உனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

நான் உடனே மறுத்தேன் என்று சொல்லத்தான் ஆசை. மறுக்கவில்லை. திரும்பிக் கூடத்துக்கு நடந்த இருபதடியில் அந்தப் பொய்யை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். நாக்கில் நன்றாகவே உட்கார்ந்தது.

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. ஷாதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்லிவிடு என்றுதான் அவன் கண்ணும் கெஞ்சியது. நான் நஜ்லாவைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்குற?" என்றாள். "நான் உனக்குக் கஞ்சி ஊத்தப் போறதில்ல. சீட்டைப் பாத்துச் சொல்லு. உன் கை செஞ்சது என்ன, அதைச் சொல்லு."

என் கை. இருபத்து மூன்று வருடம் இந்தக் கைகளை வைத்துத்தான் சாப்பிட்டேன். குடித்திருக்கிறேன், பெண்டாட்டியிடம் பொய் சொல்லியிருக்கிறேன், தம்பியின் பங்குத் தோட்டத்தை விற்கச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். சீட்டுக் கட்டு கையில் இருக்கும்போது மட்டும் ஒரு தப்பும் செய்ததில்லை. அது ஒன்றாவது மிச்சம் இருக்கட்டும் என்று தோன்றியது.

"சீட்டு எதுவும் விழல" என்றேன். "புதுக் கட்டு, எல்லாரும் பாத்தீங்க. ஏழு தடவை கலைச்சேன். அப்புறம் கட்டை வெட்டினது நான் இல்ல. உம் ஷாதியும் இல்ல. நீங்க, கவாஜா. ஒரு சீட்டு முன்னப் பின்ன வெட்டியிருந்தா அந்த ஒம்பது அவங்ககிட்டப் போயிருக்காது. அவங்களுக்கு அதைக் கொடுத்தது உங்க ரெண்டு விரல்தான்."

முதலில் சிரித்தது டாக்டர் சலீபா. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, மூக்கு வழியாக வெடித்தது. அப்புறம் கூடமே சிரித்தது. கவாஜாவிடம் கடன்பட்டவன், அவரிடம் வேலை பார்ப்பவன், அவருக்கு வாலாட்டுபவன் எல்லோரும். அவர் அந்தக் குதிரையை என்றாவது மன்னித்திருப்பார். அந்தச் சிரிப்பை மன்னிக்கவில்லை.

"திருட்டு" என்றார். அந்த ஒரு சொல்தான்.

நஜ்லா எழுந்து நின்றாள். "உங்களுக்கு நாலு ஏஸ் வந்தா அது மூளை. எனக்கு ஒரு ஒம்பது வந்தா அது திருட்டு. அப்படித்தானே? எனக்கு வந்தது அதிர்ஷ்டம் கவாஜா. ஊரறியச் சொல்றேன், சுத்தமான, முட்டாள்தனமான அதிர்ஷ்டம். எனக்கு அதைச் சொல்ல வெக்கமில்ல. நீங்க அப்பன் வெச்சுட்டுப் போன தோட்டத்துல பொறந்தீங்களே, அதுக்கு என்ன பேரு? ஒருநாளாவது அதை அதிர்ஷ்டம்னு சொல்லியிருக்கீங்களா?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. கோட்டைக்கூட டிரைவர்தான் பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவள் முற்றத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். குதிரை ஓட்டத் தெரியாது அவளுக்கு; தொட்டதே இல்லை. ஷஹ்லா அவள் கோட்டை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது. பஸ்ஸை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு, பனியில் கால் புதையப் புதைய, குதிரையை நடத்திக்கொண்டு ஊர் நடுவே போனாள். எட்டுப் பெண்களும் பின்னாலேயே போனார்கள்.

*

மிலாத் என்னை வேலையை விட்டு நிறுத்தும்போது அழுதார். ஷாதியை நிறுத்தியவர்கள் அழவில்லை. புது வருடத்தின் மூன்றாம் நாள் கிடங்குச் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அவன் அம்மாவோடு பேச்சை நிறுத்தினான். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை கிடையாது. அவள் கெஞ்சவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. தப்பு செய்ததாக அவள் நினைக்கவில்லை. ஆனால் ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "விலை தெரிஞ்சுதான் உக்காந்தேன் டோரோஸ். ஆனா கட்டினவன் அவன். அது மட்டும் எனக்குத் தொண்டையில நிக்குது." வண்டிக் கொட்டகையில் கட்டியிருந்த குதிரைக்கு அவள் அளவு தெரியாமல் பார்லியைக் கொட்ட, அதற்கு வயிறு உப்பியது. பொறுக்க முடியாமல் ஷாதிதான் வைத்தியனைக் கூட்டி வந்தான். அதிலிருந்து குதிரை வேலை முழுதும் அவன் கைக்குப் போயிற்று. முதலில் அதோடு பேசினான். அப்புறம் அதைப் பற்றி அம்மாவிடம் பேசினான். "இன்னிக்கு நல்லா தின்னுச்சு" என்பதுதான் நாற்பது நாளுக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை என்று அவள் கணக்குச் சொன்னாள்.

நான் அஞ்சாரில் மச்சானின் மெக்கானிக் கடையில் சேர்ந்தேன். பிப்ரவரியில் ஒரு காலை, குளிரில் பேட்டரி இறந்துபோய் பஸ் கிளம்பவில்லை என்று ஆள் அனுப்பினாள். நான் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. இறங்கியவரின் காலணியைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். டிரைவர் இல்லாமல், தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"காலை வணக்கம் உம் ஷாதி."

"வாங்க கவாஜா. காபி போடவா?"

"வேண்டாம்." கொட்டகையிலிருந்து குதிரை கனைத்தது. அவர் குரல் கேட்டுத்தான் கனைத்தது. காலணிகள் ஒரு அடி அந்தப் பக்கம் நகர்ந்து நின்றன. "அது பொறந்தப்ப நான் கூட இருந்தேன். ராத்திரி முழுக்க. உனக்கு அதை வெச்சு என்ன பண்ணத் தெரியும்? விலை சொல்லு. நீ சொல்றதைப் போல ரெண்டு மடங்கு தர்றேன்."

"விக்கலை."

"மூணு மடங்கு. ஷாதிக்கு வேலையும் திரும்ப. டோரோஸுக்கும் மிலாத்கிட்டச் சொல்றேன்."

பஸ்ஸுக்கு அடியில் நான் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினேன்.

"சும்மாவே தர்றேன், கவாஜா."

"என்ன?"

"காசு வேணாம். குதிரையைச் சும்மா கூட்டிட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எல்லாரும் வெளிய வருவாங்க. அங்க நின்னு, 'நஜ்லா திருடல, டோரோஸ் திருடல, நான் தோத்தேன்'னு சொல்லுங்க. மூணே வார்த்தை. சொன்ன உடனே கயித்தை உங்க கையில கொடுத்துடறேன்."

பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டியது. ஊரின் பாதியை வாங்கக்கூடிய மனிதர், இனாமாக வந்ததை வாங்க முடியாமல் நின்றார். நான் படுத்திருந்த இடத்திலிருந்து அவர் முகம் தெரியவில்லை. காலணியின் முனை மட்டும் பனியில் ஒரு சின்னக் குழியைத் தோண்டிக்கொண்டிருந்தது.

"நீ ரொம்பப் பேசுற" என்றார் கடைசியில்.

"நீங்க கொஞ்சம் பேசியிருந்தா எனக்கு இவ்வளவு தேவைப்பட்டிருக்காது."

கதவு சாத்தியது. கார் போயிற்று. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் நஜ்லா கோவில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். கவாஜா இரண்டு வாரமும் பூசைக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார், பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார்.

ஷஹ்லா பெய்ரூட் மைதானத்தில் இரண்டு தடவை ஓடியது. ஒரு தடவை ஆறாவது, ஒரு தடவை நாலாவது. பெரிய ஓட்டக்காரி இல்லை. ஷாதி இப்போது அங்கேயே ஒரு லாயத்தில் வேலை பார்க்கிறான், முன்பைவிடக் குறைந்த சம்பளம்.

ஆனால் அன்று காலை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பஸ் கிளம்பியது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"சொல்லிடுவாரோன்னு பயந்துட்டேன்" என்றாள். "சொல்லியிருந்தா கொடுத்திருக்கணுமே டோரோஸ். எனக்கு இதை ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

கியரைப் போட்டாள். முதல் நிறுத்தத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே இருபது நிமிடமாகக் குளிரில் நின்றிருந்தார்கள். தலைமைக் கன்னியாஸ்திரி திட்டித் தீர்த்துவிட்டாராம். வாங்கிக் கட்டிக்கொண்டாள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.